வியாழக்கிழமை, திருத்தணி பஸ்

பிள்ளைக்கு நாற்பத்தேழு நாள்.
எடை அட்டையில் அவன் கோடு ஏறிக்கொண்டே போகிறது.
எனக்கு அப்படியோர் அட்டை இல்லை.

ஏகாம்பரகுப்பத்தில் ராத்திரி என்றால்
தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம்.
அதில் அவன் தூங்குவான்,
கரண்டு போனால் விழித்துக்கொள்வான்.
நான் இரண்டிலும் விழித்திருப்பேன்.
தண்ணீர் டிரம்மின் மூடி மூடித்தான் இருக்கிறதா என்று
ஏழாவது தடவை எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பேன்.
மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தது நான்தான்.
எதற்கு என்று கேட்டார்கள்.
எலி என்றேன்.

பிறந்த வீடு பொதட்டூர்பேட்டை.
ஒரு பஸ் தூரம், ஒரு மாநிலம்.
இங்கே வீட்டுக்குள் தெலுங்கு.
உப்புக் கேட்க, கோராவுக்கு விலை பேச,
சண்டை போடக்கூட வந்துவிட்டது.
இதைச் சொல்லத்தான் வரவில்லை.

"பாலிந்த ஏடவகூடது"
என்கிறார் மாமியார், என் காதில் பஞ்சு அடைத்தபடி.
பிள்ளை பெற்றவள் அழுதால் கண் கெடுமாம்.
நல்லவர்தான்.
எனக்கென்று தனியாகப் பூண்டு வதக்குகிறார்.
நல்லவர்களிடம் சொல்வது இன்னும் கஷ்டம்.

ஆஷா நாகபூஷணம்மா பத்துக் கேள்வித் தாளோடு வந்தாள்.
இந்த வாரம் சிரிக்க முடிந்ததா, முதல் கேள்வி.
கட்டிலில் முனிரத்தினம், கதவருகே மாமியார்,
மடியில் அவன்.
பாகுன்னானு, என்றேன்.
ஒன்பதுக்கும் பாகுன்னானு.
பத்தாவதை அவள் முடிக்கும் முன்பே பாகுன்னானு.

அவள் பேனாவை மூடவில்லை.
பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு
தறிக்கொட்டகைக்குள் என்னைக் கூட்டிப்போனாள்.
அங்கே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.
தமிழ்லயே சொல்லும்மா, எனக்குப் பாதி புரியும்.

சொன்னேன்.
அவன் அழும்போது
அடுத்த தெருவில் யாரோ பிள்ளை அழுவதுபோல் இருப்பதை.
எலியே இல்லை என்பதை.
குழவி எதற்கு என்பதை.

எந்தப் பாதி புரிந்ததோ,
என் மணிக்கட்டைப் பிடித்தவள்
வீட்டுக்குள் வரும்வரை விடவில்லை.
அன்று சாயங்காலமே டிரம்மைச் சாய்த்து
அத்தனை தண்ணீரையும் முருங்கைக்கு ஊற்றினாள்.
மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்.
மாமியார் போட்ட கூச்சல் ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.
அவரை உட்கார வைத்து என்னவோ சொன்னாள்.
அதற்குப் பிறகு என்னைத் தனியே விடவில்லை,
பகலில் அவர், ராத்திரியில் இவர்.

புத்தூருக்கும் எழுதித் தரலாம், என்றாள் நாகபூஷணம்மா,
ஆனா நீ உன் பாஷையில அழணும்.
திருத்தணி போ.

போகிறோம், வியாழன்தோறும்.
பல் பிரிவுக்கு அடுத்த அறை.
மின்விசிறிக்கு அடியில் எஸ்தர் மேடம்,
நான் பேசாத நேரத்திலும் கடிகாரத்தைப் பார்க்காதவர்.
டாக்டர் மாத்திரை எழுதினார்.
பால் கொடுக்கலாமா என்று மூன்று முறை கேட்டேன்,
மூன்று முறையும் கொடுக்கலாம் என்றார்
முதல் முறை கேட்டதுபோலவே.

திரும்பும் பஸ்ஸில் முனிரத்தினம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
பாவுல இழை அறுந்தா தறி நிக்காது,
அதுபாட்டுக்கு ஓடும்.
ஆள்தான் பார்க்கணும்.
கொஞ்சம் கழித்து,
நான் பார்க்கல.
நான் பதில் சொல்லவில்லை.
பிள்ளையை அவர் கைக்கு மாற்றினேன், கை வலித்தது.

ஊரில் பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
எதிர்வீட்டு ஜெகதாம்பா வாராவாரம்
காகிதத்தில் மடித்துக் கிராம்பு தருகிறார்.
சொத்தையா, பிடுங்கிட்டாங்களா,
நாலு வாரமா ஒரு பல்லையா பாக்குறாங்க?

இந்த வியாழன் நகரி தாண்டும்போது
சில்லறைக்குப் பையைத் துழாவினேன்.
கை நிறைய கிராம்பு.
கண்டக்டர் பார்த்தார், நான் பார்த்தேன்,
என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.
பிள்ளை திரும்பிப் பார்த்தான்,
அவன் கேட்டிராத சத்தம் போலிருக்கிறது.

டிக்கெட்டின் பின்னால் தேதியைக் குறித்துக்கொண்டேன்.
எஸ்தர் மேடத்திடம் காட்ட வேண்டும்.

ராத்திரி மூன்று மணி அங்கேயேதான் இருக்கிறது.
காலி டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தேன்,
ஒரே ஒரு தடவை.